ஒரே மதிய உணவு, மூன்று குறியீடுகள்: ஏ05.9 பற்றிய கோடிங் நிகழ்வு ஆய்வு

அமெரிக்க மருத்துவமனை சார்ட்டுகளை, அதாவது நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைப் படித்து நோயறிதல்களுக்குக் குறியீடு போடும் கோடர்கள் பலருக்கு, எந்தப் பாக்டீரியா என்று தெரியாத ஃபுட் பாய்சனிங்கைக் குறிக்கும் ஏ05.9 என்ற குறியீட்டைப் போடத் தயக்கம். கடைசி இலக்கம் 9 என்றால் 'குறிப்பிடப்படாதது'. அதைப் போட்டால் சார்ட்டைச் சரியாகப் படிக்கவில்லை என்று ஆடிட்டர் நினைப்பாரோ, காப்பீட்டு நிறுவனம் திருப்பி அனுப்புமோ என்ற பயம். அதனால் ஏ09 (தொற்றால் வந்த கேஸ்ட்ரோஎன்ட்ரைடிஸ், அதாவது வயிறு-குடல் அழற்சி) பக்கமோ கே52.9 (காரணம் சொல்லப்படாத கேஸ்ட்ரோஎன்ட்ரைடிஸ்) பக்கமோ ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு குறியீடுகளும் ஏ05.9-ஐ விடக் குறைவாகத்தான் சொல்கின்றன. உணவு வழியாக வந்தது, பாக்டீரியாவால் வந்தது என்ற இரண்டு செய்திகளை ஏ05.9 தாங்கி நிற்கிறது. எந்தப் பாக்டீரியா என்பது மட்டும்தான் அதில் இல்லை. மருத்துவரின் அறிவு அந்த எல்லையில் நின்றிருந்தால், குறியீடும் அங்கேதான் நிற்க வேண்டும். இந்த நிகழ்வின் வழியாக அதைக் காட்டப் பார்க்கிறேன்.

இது யாருடைய உண்மையான சார்ட்டும் அல்ல. இந்த வகைக் கேஸ்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களைச் சேர்த்து அமைத்த நிகழ்வு. பயன்படுத்தும் விதிகள் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுதியுடையவை; அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருப்பவை. குறியீட்டு எழுத்துகளை உச்சரிப்பின்படியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

நிகழ்வு

58 வயது ஆண். டைப் 2 நீரிழிவுக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு லிசினோபிரில் எடுப்பவர். அலுவலகக் கூட்டம் ஒன்றில் மதியம் ஒரு மணிக்கு, பெரிய பாத்திரங்களில் வரவழைத்த கோழியும் கிரேவியும் சாப்பிட்டார். இரவு பத்து மணிவாக்கில் வயிற்றைப் பிசையும் வலி, தொடர்ந்து தண்ணீராக வயிற்றுப்போக்கு. வாந்தி இல்லை. காய்ச்சல் இல்லை. அதே உணவைச் சாப்பிட்ட சக ஊழியர்கள் சிலருக்கும் இதே தொல்லை. மறுநாள் மாலை எழுந்து நிற்க முடியாத நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்.

ரத்த அழுத்தம் 92/58, நாடித்துடிப்பு 118, வெப்பநிலை 37.1 செல்சியஸ். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.4, சில மாதங்களுக்கு முன் எடுத்த அளவு 1.0. பொட்டாசியம் 3.1. நரம்பு வழியாக இரண்டு லிட்டர் திரவம் ஏற்றினார்கள், பொட்டாசியம் கொடுத்தார்கள், மெட்ஃபார்மினையும் லிசினோபிரிலையும் நிறுத்தி வைத்தார்கள். திடீர் சிறுநீரகப் பாதிப்புக்காக, அதாவது சார்ட்டில் ஏகேஐ என்று எழுதுகிறார்களே அதற்காக, உள்நோயாளியாகச் சேர்க்கும்படி ஆணை எழுதப்பட்டது. மலத்தில் பல கிருமிகளை ஒரே சோதனையில் தேடும் பிசிஆர் பேனல் நெகட்டிவ். மூன்றாம் நாள் கிரியேட்டினின் 1.1-க்கு இறங்கியது, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இனி, யார் என்ன எழுதினார்கள் என்பது. அவசர சிகிச்சை மருத்துவர்: "அக்யூட் கேஸ்ட்ரோஎன்ட்ரைடிஸ், ஃபுட் பாய்சனிங்காக இருக்கலாம்." சேர்க்கை மருத்துவர்: "தொற்றால் வந்த கேஸ்ட்ரோஎன்ட்ரைடிஸா, ஃபுட் பாய்சனிங்கா?" இரண்டாம் நாள் பார்த்த தொற்றுநோய் நிபுணர்: "ஒன்பது மணி நேர இடைவெளி, வாந்தியும் காய்ச்சலும் இல்லை. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ்?" பொறுப்பு மருத்துவரின் டிஸ்சார்ஜ் சம்மரி: "பாக்டீரியல் ஃபுட் பாய்சனிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். நீரிழப்பால் வந்த ஏகேஐ, சரியாகிவிட்டது. பொட்டாசியம் குறைவு, ஈடுசெய்யப்பட்டது. டைப் 2 நீரிழிவு. உயர் ரத்த அழுத்தம்."

முதலில் போடப்பட்ட குறியீடுகள்

கோடர் ஏ09-ஐ முதன்மை நோயறிதலாக, அதாவது மருத்துவமனையில் சேர்த்ததற்கு முக்கியக் காரணமாக வைத்தார். கூடவே வயிற்றுப்போக்குக்கு ஆர்19.7, நீரிழப்புக்கு ஈ86.0, அப்புறம் ஏகேஐக்கு என்17.9, பொட்டாசியம் குறைவுக்கு ஈ87.6, டைப் 2 நீரிழிவுக்கு ஈ11.9, உயர் ரத்த அழுத்தத்துக்கு ஐ10. அவர் சொன்ன காரணம் இரண்டு. ஒன்று, சார்ட் முழுக்க கேஸ்ட்ரோஎன்ட்ரைடிஸ் என்றுதான் வருகிறது. இரண்டு, பேனல் நெகட்டிவ் ஆகிவிட்டதால் பாக்டீரியா என்று எப்படிப் போடுவது? கவனமாகப் படித்தவர் சொல்லக்கூடிய காரணங்கள்தான். ஆனாலும் இரண்டும் நிற்காது.

ஏன் ஏ05.9

முதல் காரணத்தை எடுத்துக்கொள்வோம். குறியீட்டுத் தொகுதியின் அகரவரிசைப் பட்டியலான இன்டெக்ஸில் கேஸ்ட்ரோஎன்ட்ரைடிஸ் என்ற தலைப்பின் கீழே போனால், ஃபுட் பாய்சனிங்கால் வந்தது என்ற துணைப்பதிவு உணவு வழி நச்சேற்றம் என்ற தலைப்புக்கே நம்மை அனுப்பிவிடும். அங்கே பாக்டீரியா என்று மட்டும் தெரிந்தால் போய் நிற்கும் இடம் ஏ05.9. காரணம் தெரிந்த கேஸ்ட்ரோஎன்ட்ரைடிஸை, காரணம் தெரியாத கேஸ்ட்ரோஎன்ட்ரைடிஸின் குறியீட்டில் வைக்கக் கூடாது. ஏ09 என்பது தொற்று என்று மருத்துவர் சொல்லி, எந்த வகைக் கிருமி என்று சொல்லாதபோது வருவது. அது வைரஸாகவும் இருக்கலாம், பாக்டீரியாவாகவும் இருக்கலாம். தொற்று என்றுகூடச் சொல்லாமல் வெறும் கேஸ்ட்ரோஎன்ட்ரைடிஸ் என்றால் கே52.9. ஏ04.9 இன்னொரு பக்கம்: குடலில் பாக்டீரியாத் தொற்று என்று அது சொல்லும், உணவு வழி என்று சொல்லாது.

ஏ05 வகையின் உள்ளே ஒருமுறை நடந்து பார்த்தால் தெளிவு கிடைக்கும். ஏ05.0 ஸ்டஃபைலோகாக்கஸ், ஏ05.1 பாட்டுலிசம், ஏ05.2 க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ், ஏ05.3 விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ், ஏ05.4 பேசில்லஸ் சீரியஸ், ஏ05.5 விப்ரியோ வல்னிஃபிக்கஸ். பெயர் தெரிந்தும் இந்த வரிசையில் இடம் இல்லாதவற்றுக்கு ஏ05.8. பெயரே தெரியாதபோது ஏ05.9. எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள இந்த வேறுபாட்டில் தடுக்கி விழுபவர்கள் நிறைய.

இந்த வகையின் தலையில் ஒரு எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு, அதாவது எவற்றை இங்கே போடக் கூடாது என்று சொல்லும் குறிப்பு இருக்கிறது. அதைப் படிக்காமல் ஏ05-ஐத் தொடவே கூடாது. சால்மொனெல்லா உணவு வழி வந்தாலும் ஏ02-க்குத்தான் போகும். ஈ. கோலை ஏ04.0 முதல் ஏ04.4 வரை. லிஸ்டீரியா ஏ32. க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் ஏ04.7-இன் கீழ். உணவில் உள்ள நச்சுப்பொருள்கள் டி61, டி62 (இந்த டி ஆங்கில T). இந்தக் கடைசி விஷயம் முக்கியம். ஃபுட் பாய்சனிங் என்பதில் பாய்சனிங் என்று வருகிறதே என்று நச்சு அத்தியாயத்துக்கு ஓடுகிறவர்கள் உண்டு. காளானில் இயல்பாக இருக்கும் நஞ்சு, சில கடல்மீன்களில் சேரும் நஞ்சு ஆகியவற்றுக்குத்தான் அந்த அத்தியாயம். ஸ்காம்ப்ராய்டு என்ற மீன் நஞ்சு ஒரு சுவாரசியமான விதிவிலக்கு: கெட்டுப்போன மீனில் ஹிஸ்டமின் உண்டாவதற்குக் காரணம் பாக்டீரியாதான், ஆனாலும் குறியீடு டி61.1-இன் கீழ் வருகிறது.

சம்மரியில் மருத்துவர் "வாய்ப்பு அதிகம்" என்றுதானே எழுதியிருக்கிறார், உறுதியாகச் சொல்லவில்லையே என்று கேட்கலாம். உள்நோயாளிக்கு அது தடையே இல்லை. டிஸ்சார்ஜ் நேரத்தில் "சாத்தியம்", "சந்தேகிக்கப்படுகிறது", "இருக்கலாம்" என்ற வகையில் எழுதப்பட்ட நோயறிதலை, இருப்பதாகவே கொண்டு குறியீடு போட வேண்டும் என்று வழிகாட்டு விதிகளின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. கூடுதல் நோயறிதல்களுக்கு மூன்றாம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. ஆனால் 'டிஸ்சார்ஜ் நேரத்தில்' என்ற நிபந்தனையை விட்டுவிடக் கூடாது. அதனால்தான் நிபுணர் இரண்டாம் நாள் கேள்விக்குறியோடு எழுதிய பெர்ஃப்ரிஞ்சென்ஸை வைத்து ஏ05.2 போட முடியாது. அது கடைசி வரை வரவில்லை. பொறுப்பு மருத்துவர் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

நெகட்டிவ் பேனல் என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் இடம் இது. "பேனல் நெகட்டிவ், அதனால் பாக்டீரியா இல்லை" என்ற முடிவு கோடர்களிடம் மட்டும் அல்ல, சார்ட்டைத் திருப்பி அனுப்பும் ஆய்வாளர்களிடமும் வருகிறது. பரவலாகப் பயன்படும் குடல்நோய் பிசிஆர் பேனல்கள் சால்மொனெல்லா, ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர், ஈ. கோலையின் சில வகைகள், விப்ரியோ, நோரோவைரஸ், ஜியார்டியா போன்றவற்றைத் தேடும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பேசில்லஸ் சீரியஸ், க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் ஆகிய மூன்றும் பொதுவாக அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. ஏ05.0, ஏ05.4, ஏ05.2 என்று தனித்தனிக் குறியீடு வைத்திருக்கும் அதே மூன்றைத்தான் பேனல் தேடவே இல்லை.

அவற்றின் இயல்பும் அப்படி. ஸ்டஃபைலோகாக்கஸ் உணவிலேயே நச்சை உண்டாக்கிவிடும். அந்த நச்சு சூட்டையும் தாங்கும். உணவைத் திரும்பச் சூடாக்கும்போது பாக்டீரியா செத்தாலும் நச்சு மிஞ்சும். அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். பேசில்லஸ் சீரியஸின் வாந்தி வகையும் கிட்டத்தட்ட அதே வேகம். பெர்ஃப்ரிஞ்சென்ஸ் வேறு மாதிரி: பெரிய பாத்திரத்தில் சமைத்து மெதுவாக ஆறும் இறைச்சியிலும் கிரேவியிலும் பெருகி, சாப்பிட்ட பிறகு குடலுக்குள் நச்சை வெளியிடும். ஆறு முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் வயிற்றுப்போக்கும் வலியும் வரும். வாந்தியும் காய்ச்சலும் அபூர்வம். இதை உறுதிப்படுத்த மலத்தில் அந்த நச்சைக் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது கிருமியின் எண்ணிக்கையை அளக்க வேண்டும். சாதாரண மருத்துவமனை ஆய்வகம் வழக்கமாகச் செய்கிற வேலை அல்ல அது. பெரும்பாலும் பொதுச் சுகாதார ஆய்வகங்கள் ஒரு கூட்டு நோய்ப்பரவலை விசாரிக்கும்போது செய்வது.

ஆக, ஒன்பது மணி நேரம், கோழியும் கிரேவியும், ஒரே உணவைச் சாப்பிட்ட பலருக்கும் நோய், வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை: இவற்றை வைத்துத்தான் மருத்துவர் "பாக்டீரியல்" என்று எழுதினார். பேனல் அதை மறுக்கவில்லை. அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்படியே மறுத்திருந்தாலும், ஆய்வக முடிவை வைத்து மருத்துவரின் நோயறிதலைத் திருத்த கோடருக்கு அதிகாரம் கிடையாது. மருத்துவர் அந்த நோய் இருக்கிறது என்று பதிவு செய்தால் குறியீடு அதன்மேல்தான் அமைகிறது. மருத்துவ ஆதாரம் போதவில்லை என்று தோன்றினால் கேள்வி எழுப்பும் வழி இருக்கிறது, குறியீட்டை மாற்றும் வழி இல்லை.

பெயர் தெரியாமல் போவது ஏதோ இந்த ஒரு நோயாளியின் கதை என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், உணவு வழி நோயால் ஆண்டுதோறும் சுமார் 4.8 கோடி பேர் பாதிக்கப்படுகிறார்கள். அதில் பெயர் சொல்லக்கூடிய 31 நோய்க்கிருமிகளால் வந்தவை சுமார் 94 லட்சம்தான். மிச்சம் ஏறத்தாழ 3.84 கோடி, காரணி குறிப்பிடப்படாதவை. நோய்களின் நிலவரமே அப்படி இருக்கும்போது, குறிப்பிடப்படாத குறியீடு சார்ட்டில் வருவதைத் தவறு என்று பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வழிகாட்டு விதிகளும், தகவல் கிடைக்காத நிலையில் குறிப்பிடப்படாத குறியீட்டையே பயன்படுத்தலாம் என்றும், அந்த வருகையில் நோயாளியைப் பற்றித் தெரிந்ததைத்தான் குறியீடு காட்ட வேண்டும் என்றும் வெளிப்படையாகச் சொல்கின்றன.

குவெரி

அதற்காகக் கேட்காமலே விட்டுவிடலாம் என்று அர்த்தம் இல்லை. நிபுணரின் குறிப்பில் ஒரு கிருமியின் பெயர் வந்திருக்கிறது, அதற்கான அறிகுறிகளும் சார்ட்டில் இருக்கின்றன. பொறுப்பு மருத்துவருக்குக் குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்புவது சரி. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். "இது பெர்ஃப்ரிஞ்சென்ஸ்தானே?" என்று கேட்கக் கூடாது. நேரக் கணக்கு, உணவு, மற்றவர்களுக்கும் நோய் வந்தது, பேனல் முடிவு, நிபுணரின் குறிப்பு ஆகியவற்றை அப்படியே எடுத்து வைத்து, ஃபுட் பாய்சனிங்கின் காரணியை இதற்கு மேல் குறிப்பிட முடியுமா என்று கேட்க வேண்டும். தேர்வுகளில் "வேறு", "தீர்மானிக்க இயலவில்லை" என்ற இரண்டும் இருந்தே ஆக வேண்டும். பணம் கூடும், குறையும் என்ற பேச்சு வரவே கூடாது.

இந்த நிகழ்வில் மருத்துவர் "தீர்மானிக்க இயலவில்லை" என்று பதில் எழுதினார். குவெரி வீணாகிவிட்டது என்று கோடர் வருத்தப்பட்டார். வீணாகவில்லை. ஏ05.9 யோசிக்காமல் போட்டது அல்ல, கேட்டுப் பார்த்த பிறகு போட்டது என்பதற்கு அந்தப் பதிலே சான்றாக நிற்கிறது.

எது முதலில்

ஏ05.9 சரி என்றாலும் அது முதன்மை நோயறிதல் ஆகவில்லை. பரிசோதனைகளுக்குப் பிறகு, இந்த மனிதரை மருத்துவமனையில் சேர்க்க முக்கியக் காரணம் என்று நிலைத்தது எது என்பதே கேள்வி. இப்படிப்பட்ட ஃபுட் பாய்சனிங்கோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குத் திரவம் கொடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவரை வைத்துக்கொண்டது கிரியேட்டினின் 2.4-க்காக. சேர்க்கை ஆணையிலும் அதுதான் எழுதியிருக்கிறது. தினமும் ரத்தம் எடுத்ததும், லிசினோபிரிலை நிறுத்தியதும், தொடர்ந்து திரவம் ஏற்றியதும் சிறுநீரகத்தை மனதில் வைத்துத்தான். ஆகவே என்17.9 முதலில், ஏ05.9 அடுத்து. நீரிழப்பால் ஏகேஐ வந்து அதற்காகவே சேர்த்திருந்தால், நீரிழப்பு முன்னால் வராது.

இந்த வரிசை மாற்றம் கேஸை 682 முதல் 684 வரையிலான சிறுநீரகச் செயலிழப்பு டிஆர்ஜி குழுவுக்கு, அதாவது மருத்துவமனைக்கான தொகையைத் தீர்மானிக்கும் குழுவுக்குக் கொண்டு போகிறது. அதனால் காப்பீட்டுத் தரப்பின் ஆய்வு ஏ05.9 மேல் விழாது, என்17.9 மேல்தான் விழும். அங்கே நம் தரப்பு உறுதியாக இருக்கிறது: அடிப்படை அளவைப் போல 1.5 மடங்கு உயர்ந்தாலே கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதலின் அளவுகோலில் ஏகேஐ, இங்கே 2.4 மடங்கு. பழைய அளவான 1.0 சார்ட்டில் எங்கே இருக்கிறது என்பதைக் கோடர் குறித்து வைத்தால் பின்னால் வாதம் எளிது.

மற்றவை

ஆர்19.7 நீங்கும், ஃபுட் பாய்சனிங்கில் வயிற்றுப்போக்கு இயல்பாகவே அடங்கும். ஈ86.0 இருக்கட்டும், நீரிழப்பு எல்லாருக்கும் வருவதில்லை, இவருக்குச் சிகிச்சையும் நடந்தது. ஈ87.6, ஈ11.9, ஐ10 சரி. மெட்ஃபார்மினுக்காக இசட்79.84 (நீரிழிவு மாத்திரையை நீண்டகாலமாக எடுப்பது) சேரும், அது விடுபட்டிருந்தது. நீரிழிவையும் ஏகேஐயையும் இணைக்க வேண்டாம். காரணம் நீரிழப்பு என்று மருத்துவரே எழுதிவிட்டார். லிசினோபிரிலை நிறுத்தியதை வைத்து மருந்தின் பக்கவிளைவு என்று ஊகிப்பதும் வேண்டாம். மருத்துவமனையில் சேரும்போதே இந்த நோய்கள் இருந்தனவா என்ற குறியில், அது தேவைப்படும் எல்லாவற்றுக்கும் 'ஆம்'.

அதே உணவைச் சாப்பிட்ட மற்ற இருவர்

34 வயதுப் பெண் ஒருவர் அதே அவசர சிகிச்சைப் பிரிவில் சில மணி நேரம் இருந்து வீட்டுக்குப் போனார். மருத்துவர் எழுதியது: "அக்யூட் கேஸ்ட்ரோஎன்ட்ரைடிஸ், பாக்டீரியல் ஃபுட் பாய்சனிங்காக இருக்கலாம்." கிட்டத்தட்ட முதல் நோயாளிக்கு எழுதிய அதே வார்த்தைகள். ஆனால் இவர் வெளிநோயாளி. வெளிநோயாளி விதியான நான்காம் பிரிவு, உறுதியாகாத நோயறிதலுக்குக் குறியீடு போட அனுமதிப்பதில்லை. உறுதியாகத் தெரிந்த அளவுக்குத்தான் போகலாம். தெரிந்தது கேஸ்ட்ரோஎன்ட்ரைடிஸ். குறியீடு கே52.9. மருத்துவர் கேஸ்ட்ரோஎன்ட்ரைடிஸ் என்றுகூட எழுதாமல் "வயிற்றுப்போக்கு, ஃபுட் பாய்சனிங்காக இருக்கலாம்" என்று விட்டிருந்தால் ஆர்19.7-இல் நின்றிருக்கும். உள்நோயாளிப் பிரிவிலிருந்து வெளிநோயாளிப் பிரிவுக்கு மாறி வரும் கோடர்களுக்கு இந்த விதி பழகச் சில காலம் ஆகும். கை தானாக ஏ05.9-க்குப் போகும். ஏ05.9 தவறாகப் போடப்படும் இடம் என்று நான் உண்மையாகவே கவலைப்படுவது இதைத்தான்.

மூன்றாமவர் 41 வயது ஆண். கிளினிக்கில் காட்டினார். உணவு வழி நோய்ப்பரவல் என்ற சந்தேகத்தில் உள்ளூர் சுகாதாரத் துறைக்குத் தகவல் போயிருந்தது. அவர்கள் வழியாக இவருடைய மல மாதிரி பொதுச் சுகாதார ஆய்வகத்துக்குச் சென்றது. பெர்ஃப்ரிஞ்சென்ஸ் நச்சு இருப்பதாக முடிவு வந்தது. அந்த வருகைக்கான கோடிங் இன்னும் முடியவில்லை. கிளினிக் மருத்துவர் முடிவைப் பார்த்து, தேதியிட்ட இணைப்புக் குறிப்பில் "க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் ஃபுட் பாய்சனிங்" என்று உறுதியாக எழுதினார். இப்போது ஏ05.2. அவர் எழுதாமல், ஆய்வக அறிக்கை மட்டும் சார்ட்டில் கிடந்திருந்தால், அதைப் பார்த்துக் கோடர் ஏ05.2 போட்டிருக்க முடியாது.

இந்தச் செய்தி முதல் நோயாளியின் பொறுப்பு மருத்துவரையும் எட்டியது. அவர் டிஸ்சார்ஜ் சம்மரிக்கு ஓர் இணைப்பு எழுதி, "பெர்ஃப்ரிஞ்சென்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம்" என்று சொல்லியிருந்தால், உள்நோயாளி விதிப்படி அங்கேயும் ஏ05.2 போட்டிருக்கலாம். தன் நோயாளியின் மாதிரியில் நச்சுப் பரிசோதனை நடக்கவே இல்லை என்று சொல்லி அவர் சம்மரியை மாற்றவில்லை. அது அவருடைய மருத்துவ முடிவு. கோடர் அதற்கு மேல் வற்புறுத்தத் தேவையில்லை. அந்த சார்ட் என்17.9 முதலிலும் ஏ05.9 இரண்டாவதுமாக மூடப்பட்டது.